பாபநாசம் எத்தனை அடி? இந்த எந்திர நாகரிகம் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்குச் சில பதில்கள்

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வீடு அம்பாசமுத்திரம் பக்கம். சில வருஷங்களாகப் பள்ளிக்கூடங்களிலும் நூலக வாசகர் கூட்டங்களிலும், அதைவிட அதிகமாக டீக்கடை பெஞ்சிலும் சுற்றுச்சூழல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். நிலக்கரி, பெட்ரோல், சிமெண்ட், உரம், கரண்ட் என்று ஓடுகிற இந்த வாழ்க்கை இப்படியே ஓடுமா என்பதுதான் எங்கே போனாலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துவிட்டது. அடிக்கடி வருகிற கேள்விகளை மட்டும் எடுத்துப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். நிலைக்குமா, நிலைக்காதா?

இப்போது ஓடுகிற விதத்தில் நிலைக்காது. வேறு விதமாக ஓட்டலாமா என்றால், பெரும்பகுதியை ஓட்டலாம், முழுவதையும் முடியாது. எதை விட வேண்டியிருக்கும், யார் விட வேண்டியிருக்கும் என்பதில்தான் சண்டையே.

'நிலைக்கும்' என்றால் என்ன அர்த்தம்? நூறு வருஷமா, ஆயிரம் வருஷமா?

வருஷக் கணக்கைவிட வரத்துக் கணக்கு முக்கியம். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காலையில் பேப்பரை எடுத்ததும் பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்க்கிற பழக்கம் இங்கே பாதி வீடுகளில் இருக்கிறது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றினால் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பது தள்ளிப்போகும். சில வருஷம் கார் நடவே இருக்காது. யாரும் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பதில்லை. மனு கொடுப்பார்கள், மறியல் செய்வார்கள், மேல்கால்காரனும் கீழ்கால்காரனும் முறைத்துக்கொள்வார்கள். ஆனாலும் கடைசியில் அணை மட்டம் சொல்வதுதான் நடக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்து பிசானம் என்கிற அடுத்த போகத்துக்கு வழி விடும்.

கோடைமேலழகியான் அணைக்கட்டில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். இவற்றில் ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்றவை அதற்கும் பழசு. சுமார் 86,000 ஏக்கர் இவற்றை நம்பி இருக்கிறது. இத்தனை நூற்றாண்டு ஓடியதற்குக் காரணம், வருகிற தண்ணீருக்குள் செலவு நின்றதுதான். இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாவம்: அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்கு அந்த வயலில் ஒரு சென்ட் சொந்தமில்லை. நீர்க் கணக்கு ஒழுங்காக இருந்தது என்றால் ஊர்க் கணக்கும் ஒழுங்காக இருந்தது என்று ஆகாது.

நிலக்கரியும் பெட்ரோலும் அப்படி வருஷாவருஷம் வருகிற தண்ணீர் இல்லை. கோடிக்கணக்கான வருஷம் சேர்ந்த இருப்பு. நாம் செலவழிக்கிற வேகத்தோடு வைத்துப் பார்த்தால் வரத்து பூஜ்யம். உலகம் முழுக்க எரிகிற ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அந்த இருப்பிலிருந்துதான் வருகிறது. மட்டத்தைப் பார்க்காமல் மூன்று போகம் வைத்துவிட்டோம், பயிர் கதிர் பிடித்து நிற்கிறது. இன்றைய நிலைமை அதுதான்.

எண்ணெய் தீர்ந்துவிடும் என்று நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதிருந்தே சொல்கிறார்கள். தீரக் காணோமே?

நியாயமான கிண்டல். தீரவில்லை. விலை ஏறினால் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார்கள், பாறையை உடைத்து எடுக்கிறார்கள். நிலக்கரி இன்னும் நிறையவே இருக்கிறது. அதுதான் தொந்தரவும்.

அணையில் இரண்டு ஆபத்து உண்டு. வற்றுவது ஒன்று, நிரம்பி வழிவது இன்னொன்று. எல்லோரும் வற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வழிந்தது வேறு பக்கம். எரித்த புகை போய்ச் சேருகிற காற்றுமண்டலமும் ஓர் அணைதான். எந்திரங்கள் வருவதற்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தரைக்குக் கீழே இருக்கிற நிலக்கரி தீருவதற்கு ரொம்ப நாள் முன்பே இந்த அணை மறுகால் பாய ஆரம்பித்துவிடும். 2024ஆம் வருஷம் உலகச் சராசரி வெப்பம் பழைய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போனது. ஒரு முழு வருஷத்துக்கு அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

நமக்குத்தான் காற்றாடி இருக்கிறதே! கயத்தாறிலிருந்து ஆரல்வாய்மொழி வரை நட்டு வைத்திருக்கிறோம்.

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம். ஏனென்றால் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று நம் பக்கம். 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சின்னச் சின்னக் காற்றாலைகளை நிறுத்தினார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாகிவிட்டது. செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் தென்மேற்குக் காற்றைப் புனல் வைத்து ஊற்றுவது மாதிரி நம் பக்கம் ஊற்றுகின்றன.

சரி, சிக்கல் எங்கே? ஆடியில் அம்மி பறக்கும், ஐப்பசியில் இலை அசையாது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகாது, எட்டில் ஒன்றாகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஆற்றல் மாறும் என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பணகுடி பக்கம் சும்மா நிற்கிற காற்றாடியைப் பார்த்து "ரிப்பேர் போல" என்பார்கள். ரிப்பேர் இல்லை, காற்று இல்லை. ஆனியில், ஆடியில் சில நாள் தலைகீழாக ஆகும். காற்று கொட்டும், வாங்கிக்கொள்ள மின்தடத்தில் இடமிருக்காது, நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

ஆகவே சேமிப்பு வேண்டும். ஒரு கிலோ டீசலில் ஏறக்குறைய 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட். எஞ்சின் டீசலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது என்பதைக் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரிசு. ஸ்கூட்டருக்குச் சரிப்படும், நகரப் பஸ்ஸுக்கும் சரிப்படும். நான்கு மாதக் காற்றை எட்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ள பேட்டரியால் ஆகாது. மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது ஒரு வழி. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் அளவுக்கு அது நடக்கிறது. அதற்கும் மலையும் காடும் வேண்டும். நம் மலையில் எங்கே கை வைத்தாலும் அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருக்கும்.

சூரியத் தகடு பகலுக்கு நல்ல துணை. விலை பத்துப் பதினைந்து வருஷத்தில் பத்தில் ஒன்றாக விழுந்திருக்கிறது. கங்கைகொண்டானிலேயே இப்போது டாடா ஆலையில் சோலார் செல் செய்கிறார்கள். ஒரு தகடு செய்யச் செலவான ஆற்றலை அது ஒன்றிரண்டு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடும், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் லாபம்தான். "செய்யவே அதிகக் கரண்ட் ஆகுமாமே" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

மொத்தத்தில், வருஷாவருஷம் வருகிற ஆற்றலை வைத்து மின்சாரம் எடுப்பது நடக்கிற காரியம். அதற்குக் காற்று வீசுகிறபோது அதிகம், நின்றபோது குறைவு என்று வாழப் பழக வேண்டும். பழகிய ஊர்தான் நாம்.

தொழிற்சாலை என்றாலே நிலக்கரிதானே? நிலக்கரி இல்லாமல் எப்படி?

விக்கிரமசிங்கபுரத்தில் 1880களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைத்தார்கள். ஏன் அங்கே? பாபநாசத்தில் விழுகிற தண்ணீருக்காக. நூற்றாண்டுப் புகழுள்ள அந்த ஆலை அருவியின் வேகத்தில் நூற்கும் கதிரைச் சுற்றித்தான் ஆரம்பித்தது. அப்புறம் 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையமும் வந்தது.

நிலக்கரி செய்த பெரிய மாற்றம், ஆலையை ஆற்றங்கரையிலிருந்து அவிழ்த்துவிட்டதுதான். எங்கே வேண்டுமானாலும் வை, எந்த நேரமும் ஓட்டு, எத்தனை வேண்டுமானாலும் கட்டு. அந்தச் சௌகரியத்துக்குத்தான் நாம் அடிமை. நூல் நூற்க நிலக்கரி வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்ததா?

முடியாது. தாழையூத்துக்கு வாருங்கள்.

1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் அங்கே ஆலை தொடங்கியதற்குக் காரணம் தரைக்கடியில் இருக்கிற சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை 1,450 டிகிரி வரை சூடாக்கித்தான் சிமெண்டுக்கான கிளிங்கர் எடுக்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு நிலக்கரி எரிகிறது, அதற்கு மாற்று தேடலாம். ஆனால் கல்லிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எதை வைத்துச் சூடாக்கினாலும் இந்த 44 கிலோ போகும். காற்றாடிக் கரண்டில் சுட்டாலும் போகும். கல்லின் உடம்பே அதுதான். சிமெண்டிலிருந்து வருகிற புகையில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கு.

உலகம் வருஷத்துக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. மனிதன் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இதிலிருந்து மட்டும். கிளிங்கரைக் குறைத்து அனல் மின் நிலையச் சாம்பலைக் கலக்கிறார்கள், நல்ல வழிதான், நம் பக்கம் விற்கிற மூட்டைகளில் பாதி அப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும். ஆனால் பாருங்கள், நிலக்கரியை நிறுத்தினால் அந்தச் சாம்பலும் நிற்கும்.

சிமெண்டோடு மணலும் ஜல்லியும். ஆற்று மணலை அள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததும் எம்-சாண்டுக்குப் போனோம், ஆறு தப்பியது, குன்று மாட்டிக்கொண்டது. புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரி வரிசையை ஒருநாள் நின்று எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக்கு ஆசைப்பட்டுக் கடலையும் விடவில்லை நாம். தூத்துக்குடிக்கு எதிரே பவளப் பாறையை வெட்டி எடுத்த காலம் உண்டு. விலங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவு கரைந்துபோகாமல் இருக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

இதற்கு என் பதில் பொறியியல் பதில் இல்லை. வீடு தேவை. ஆனால் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை நம் தெருவில்? பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, மூன்று மாடி கட்டி, அடியில் வயசானவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டு மாடிக்கான புகை திரும்பி வராது.

கூடங்குளம்?

இதைத் தொட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், இருந்தாலும் சொல்கிறேன். 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுமானத்தில். ஓடும்போது கரியமில வாயு வராது, காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். இவை உண்மை. 1988இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் உலை மின்தடத்தில் சேர்ந்தது 2013இல். அதுவும் உண்மை. 25 வருஷம். அவசரத்துக்கு உதவுகிற மருந்தாக இதை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எரிந்து முடிந்த எரிபொருளை ஆயிரக்கணக்கான வருஷம் காவல் காக்க வேண்டும். இடிந்தகரை மக்கள் 2011இல் போராட்டத்தில் உட்கார்ந்தபோது கேட்டது இதைத்தான்: எங்கள் பக்கத்தில் ஏன், எங்களைக் கேட்காமல் ஏன். கேள்வி சரியான கேள்வி. நாகரிகம் என்பது யாருடைய முற்றத்தில் எதைக் கொட்டுகிறது என்பதும் சேர்ந்ததுதான்.

பழைய மாதிரி இயற்கையோடு வாழ்ந்தால் போதாதா? நம் தாத்தா பாட்டி வாழவில்லையா?

வாழ்ந்தார்கள். என் ஆச்சி எட்டுப் பிள்ளை பெற்றாள், மூன்று தங்கியது. அடுப்பூதி ஊதிக் கண் கலங்கியே இருந்தாள். அந்த வாழ்க்கைக்கு அவளே திரும்பிப் போகமாட்டாள்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியை 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மன்காரர் செய்து காட்டினார், கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார். யூரியா வந்தது அந்த வழியில். இன்று உலகில் இருக்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த ஆலை நைட்ரஜனால்தான் சாப்பிடுகிறார்கள். தூத்துக்குடி ஸ்பிக் ஆலை முதலில் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளிலும் இப்போது இயற்கை எரிவாயுவிலும் யூரியா செய்கிறது. கல்லிடைக்குறிச்சி வயலில் ஒரு மூட்டை யூரியா வீசினால், பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிவாயுவின் ஒரு துண்டையும் சேர்த்துத்தான் வீசுகிறோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைப்பதால் அது எரிவாயு என்பதே மறந்துபோகிறது. மீதி விலையை அரசாங்கம் கட்டுகிறது.

இதை ஒரே வருஷத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று 2021இல் இலங்கை காட்டியது. ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், நெல் விளைச்சல் விழுந்தது, சில மாதத்திலேயே தடையைத் தளர்த்தினார்கள். அன்னியச் செலாவணி நெருக்கடி உட்பட வேறு காரணங்களும் அதில் கலந்திருந்தன, ஆனாலும் பாடம் பாடம்தான்.

யூரியாவைக் காற்றாடி மின்சாரத்தால் செய்ய வழி இருக்கிறது, செலவுதான் அதிகம். பாஸ்பரஸுக்கு அந்த வழியும் கிடையாது. அது பாறையாகத் தோண்டி எடுப்பது. உலகத்தில் தெரிந்த இருப்பில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு மொராக்கோ வசம் இருக்கிறது. நம் டிஏபி உர மூட்டை அந்த மாதிரி இடங்களை நம்பித்தான். போட்டதில் ஒரு பகுதி சாக்கடை வழியாகக் குளத்துக்குப் போய் ஆகாயத்தாமரையாக வளர்கிறது. நயினார்குளத்தை எட்டிப் பார்த்தால் தெரியும். திரும்பி வரவேண்டிய சத்தைத் திரும்பவிடாமல் செய்திருக்கிறோம். முன்பு ஆட்டுக்கிடை போட்டார்கள், குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் தட்டினார்கள். முழுதாகப் பின்னால் போக முடியாது என்பதற்காக இதையும் விட்டுவிட வேண்டியதில்லையே.

பனையும் பத்தமடைப் பாயும் மாதிரித் தொழில்கள் போதாதா?

போதாது, ஆனால் அலட்சியம் செய்யவும் கூடாது. ஆற்றோரக் கோரை, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, கிழித்து, பருத்தி நூலில் நெய்வது. கோரை அடுத்த வருஷம் திரும்ப முளைக்கும். கிழிந்த பாய் மக்கிப்போகும். நிலைக்கிற தொழிலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆற்றில் சாயமும் சாக்கடையும் கலந்தால் கோரை போய்விடும். பிளாஸ்டிக் பாய் நூற்றைம்பது ரூபாய்க்கு வந்தபிறகு நெய்கிற பெண்களின் கூலி என்னவாகும் என்று சொல்ல வேண்டுமா?

பனையில் ஒரு சங்கடம் உண்டு, பனை ஆர்வலர்கள் சொல்லமாட்டார்கள். பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்க ஏராளமான விறகு வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி ருசியில் உடைமரத்துக்கும் பங்கு இருக்கிறது. நல்லவேளை, அது திரும்ப வளர்கிற விறகு. வளர்கிற வேகத்தில் வெட்டினால் சரி. செங்கல் சூளைக்குப் பனையையே வெட்டிப் போடுகிறார்களே, காய்க்கப் பதினைந்து, இருபது வருஷம் எடுக்கிற மரம், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவில் ஒவ்வொரு வருஷமும் குளிக்கவிடமாட்டார்கள். முதலில் சிப்பி விளைகிற கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் குளிப்பு, இல்லையென்றால் வருஷக்கணக்கில் சும்மா விடுவார்கள். கடைசியாக நடந்தது 1961இல். மட்டம் பார்த்த தொழிலும் ஒரு கட்டத்துக்கு மேல் தப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புகைவிட்டது அமெரிக்காக்காரன். நாம் ஏன் குறைக்க வேண்டும்?

ஆளுக்கு வருஷம் அமெரிக்காவில் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியாவில் 2 டன். சேர்த்து வைத்த பாக்கியைப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிசு. ஆகவே "நீ முதலில் குறை" என்று அவர்களிடம் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த 2 டன் சராசரி. பீடி சுற்றுகிற முக்கூடல் பெண்ணும், இரண்டு கார் வைத்திருக்கிற பாளையங்கோட்டை டாக்டரும் அதில் ஒன்றாகக் கரைந்திருக்கிறார்கள். ஏழையின் கணக்கைக் காட்டி வசதிக்காரர் தப்பிப்பது இங்கேயும் நடக்கிறது.

2023 வெள்ளம் இந்தப் புகையால்தானா?

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். திருநெல்வேலி ஜங்ஷன் தண்ணீருக்குள், திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு மழையைக் காட்டி "இதுதான் காரணம்" என்று சத்தியம் செய்ய முடியாது. 1992 நவம்பரிலும் தாமிரபரணி ஊரை அடித்தது. இயற்பியல் சொல்வது இவ்வளவு: காற்று ஒரு டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும். கொட்டும்போது அதற்கேற்பக் கொட்டும். பெருமழை இனிமேல் அதிகம் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

மழை வானத்திலிருந்து வந்தது, வெள்ளத்தில் பாதியை நாம் செய்தோம். ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, இப்படித்தான் இந்தச் சீமையில் குளங்கள் சங்கிலியாக இருந்தன. அந்தச் சங்கிலியில் பல கண்ணிகளில் இப்போது பட்டா போட்ட மனைகள் இருக்கின்றன. நானே இருபது வருஷம் முன்பு ஒரு மனை வாங்கப் பார்த்தேன். விற்றவர் "மேட்டு நிலம் சார்" என்றார். தெருவின் பெயர் குளத்துக்கரைத் தெரு. வாங்காமல் தப்பித்தேன், வாங்கியவர் அந்த டிசம்பரில் மாடியில் இரண்டு இரவு இருந்தார்.

எந்திரத்தின் திறனைக் கூட்டினால் போதுமே? குறைந்த கரண்டில் அதே வேலை?

1865இலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதாரக்காரர் இதைக் கவனித்தார். நீராவி எஞ்சின் திறமையாக ஆக ஆக, நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. மலிவானதால் எல்லோரும் எஞ்சின் வைத்தார்கள்.

நம் ஊரில் இதைக் கிணற்றில் பார்க்கலாம். கமலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். மோட்டார் களைக்காது, விவசாய மின்சாரத்துக்குக் காசும் இல்லை. கிணறு போதாமல் ஆழ்துளை, ஆழ்துளையை இன்னும் ஆழம். திசையன்விளை, உவரிப் பக்கம் கடல் உப்பு நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. சொட்டுநீர் போட்டவர் மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் முருங்கை வைக்கிறார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கும் பிழைப்பு.

இதே திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆயன்குளத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 2021 மழையில் வெள்ள நீரை அதற்குள் திருப்பினார்கள். வாரக்கணக்கில் விட்டும் நிரம்பவில்லை. சென்னை ஐஐடிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள். தாழையூத்தில் எதைச் சுட்டுப் புகையாக்குகிறோமோ, அதே கல்வகை இங்கே தண்ணீர் சேமிக்கிறது. கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வளர்ச்சி வேண்டாம் என்கிறீர்களா?

வட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷம் மூன்று சதவீதம் வளர்ந்தால் 24 வருஷத்தில் இரட்டிப்பு. 48இல் நான்கு மடங்கு, 72இல் எட்டு மடங்கு. என் பேத்தி என் வயசுக்கு வரும்போது எட்டு மடங்கு சிமெண்ட், எட்டு மடங்கு செம்பு. எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாட்டு, படிப்பு இவை வளரட்டும். டன் கணக்கில் எடை போடுகிற சாமான் ஏதோ ஒரு மட்டத்தில் நின்றாக வேண்டும். நமக்கு இன்னும் கொஞ்சம் ஏற இடம் உண்டு, ஏற்கெனவே மேலே இருக்கிறவர்கள் இறங்கினால்.

அப்படியானால் நாகரிகம் அழிந்துவிடுமா?

சினிமாவில் வருகிற மாதிரி ஒரே நாளில் அழியாது. கொற்கைக்குப் போயிருக்கிறீர்களா? பாண்டியர் துறைமுகம். இப்போது கடற்கரை அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது, ஊரில் வாழைத் தோட்டமும் ஒரு பழைய வன்னிமரமும். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்தது. வணிகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான். அப்புறம் காயலும் தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது. ஆதிச்சநல்லூரில் தாழிகளுக்குள் இரும்பும் வெண்கலமும் வைத்துப் புதைத்தவர்களின் ஊர் எங்கே நின்றது என்று இன்றைக்குத் தோண்டித்தான் பார்க்கிறோம். ஜனங்கள் தீர்ந்துபோகவில்லை. இடம் மாறினார்கள், பிழைப்பு மாறினார்கள்.

இந்தத் தடவை வித்தியாசம் ஒன்று. கொற்கை தூர்ந்தால் காயலுக்குப் போகலாம். காற்றுமண்டலத்துக்கு அடுத்த ஊர் இல்லை.

எப்போதாவது மனிதர்கள் ஒன்றுகூடி எதையாவது நிறுத்தியிருக்கிறார்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் போட்ட வாயு ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரிந்தது. 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓட்டை கண்டுபிடித்தார்கள், 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம், இப்போது படலம் மெதுவாகத் தேறி வருகிறது. ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000இல் நிறுத்தியது, கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இரண்டிலும் மாற்றுப் பொருள் கைவசம் இருந்தது, அதனால் சுலபம். சிமெண்டுக்கும் யூரியாவுக்கும் அவ்வளவு சுலபமில்லை.

சரி, உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. இருக்கிறது. ஒரு அறையில் மட்டும். கத்திரி வெயிலில் வீட்டுக்காரிக்கு ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் சொல்லி வாங்கினோம். மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு போட்டிருக்கிறேன், ஆனால் ஏசி ஓடுவது ராத்திரியில். அந்த நேரத்து மின்சாரம் பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கத்து நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆடி பிறந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவோம், காற்று வந்துவிடும்.